கடைசியாக வந்த வங்கிக்கு முதல் மரியாதை

வங்கியில் ஆதாரை எப்போதோ கொடுத்தாயிற்று, ரசீதுகூட வீட்டில் இருக்கிறது. பிறகு எதற்காக மறுபடியும் இணைக்கச் சொல்கிறார்கள்? நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களும், அவர்களுக்காக எழுதும் படித்த பிள்ளைகளும், 2023 டிசம்பரில் பத்திரிகை அலுவலகத்துக்கு அனுப்பிய கடிதங்களில் திரும்பத் திரும்ப வந்த கேள்வி இது. 2023 டிசம்பர் 31, ஞாயிற்றுக்கிழமை, கெடு முடிந்தது. 2024 ஜனவரி 1 முதல் கூலி, ஆதார் அடிப்படையிலான பணப்பட்டுவாடா முறையில் மட்டும்தான் வரும் என்றது மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம். அலுவலகங்களில் இதை ஏ.பி.பி.எஸ். என்கிறார்கள்.

இந்தக் கெடுவுக்கு ஒரு வரலாறு உண்டு. 2023 பிப்ரவரி 1 முதல் கட்டாயம் என்று அந்த ஆண்டு ஜனவரியில் உத்தரவு வந்தது. பிறகு மார்ச் 31 ஆனது, ஜூன் 30 ஆனது, ஆகஸ்ட் 31 ஆனது, கடைசியில் டிசம்பர் 31. ஏற்பாடு அவ்வளவு கச்சிதமானது என்றால் ஒரே ஆண்டில் நான்கு முறை ஏன் தள்ளிப்போட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, தொழிலாளர்களின் நலன் கருதி என்பதே தில்லியின் பதில்.

கடிதங்களில் உள்ள குழப்பத்துக்கு வருவோம். ஆதாரை வங்கியில் இணைப்பது என்று ஊரில் ஒரே பேச்சாகச் சொல்வது உண்மையில் இரண்டு தனித்தனி வேலைகள். முதலாவது, வங்கி தன் கணினியில் வாடிக்கையாளரின் கணக்கோடு ஆதார் எண்ணைச் சேர்ப்பது. இரண்டாவது, இந்த ஆதாருக்கு வரும் அரசுப் பணத்தை எங்கள் வங்கிக்கு அனுப்புங்கள் என்று இந்திய தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகத்தின் பட்டியலில் பதிவது. என்.பி.சி.ஐ. என்று சொன்னால் பலருக்குப் புரியும், யு.பி.ஐ.யை நடத்துவதும் இதே நிறுவனம்தான். முதல் வேலை முடிந்து இரண்டாவது நடக்காமல் இருப்பவர்கள் ஏராளம். அவர்கள் கையில் ரசீது இருக்கும், கூலி மட்டும் ஏறாது.

அந்தப் பட்டியலின் பெயர் மேப்பர். இந்த விவகாரத்தில் கெட்டிக்காரத்தனமும் கவலையும் அங்கேதான் சேர்ந்து குடியிருக்கின்றன.

மேப்பரில் ஒவ்வோர் ஆதார் எண்ணுக்கும் எதிரே ஒரு வங்கியின் அடையாள எண் மட்டும் இருக்கும். கணக்கு எண் இருக்காது, கிளையின் பெயரும் இருக்காது. அரசு கூலியை அனுப்பும்போது, இன்ன ஆதாருக்கு இவ்வளவு ரூபாய் என்றுதான் அனுப்புகிறது. மேப்பர் அந்த ஆதார் எந்த வங்கியோடு நிற்கிறது என்று பார்த்து, பணத்தை அங்கே தள்ளிவிடுகிறது. அதற்குமேல் எந்தக் கணக்கில் வரவு வைப்பது என்பது அந்த வங்கியின் பாடு. தபாலில் ஊர் பெயர் மட்டும் எழுதிப் போட, உள்ளூர் தபால்காரர் வீட்டைக் கண்டுபிடிப்பதுபோல என்று வைத்துக்கொள்ளலாம்.

இதில் உண்மையான வசதி உண்டு, அதை மறைப்பதற்கில்லை. 2019 ஏப்ரல் 1 அன்று பாண்டியன் கிராம வங்கியும் பல்லவன் கிராம வங்கியும் சேர்ந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆயின. அடுத்த ஆண்டு அதே தேதியில் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும் இணைந்தன. இப்படி நேரும்போது கிளைகளின் ஐ.எப்.எஸ்.சி. குறியீடு மாறுகிறது. கணக்கு எண்ணை நம்பிப் பணம் அனுப்பும் பழைய முறையில் ஒரு எழுத்து பிசகினாலும் கூலி திரும்பிவிடும். மேப்பருக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஊராட்சி அலுவலகக் கணினியில் யாரோ ஓர் இலக்கத்தை மாற்றி அடித்துவிட்டார் என்பதால் ஒருவரின் கூலி இன்னொருவருக்குப் போகும் வாய்ப்பும் குறைகிறது.

சிக்கல் அடுத்த விதியில் இருக்கிறது. ஒரே ஆளுக்கு நான்கு வங்கிகளில் கணக்கு இருக்கலாம். நான்கிலும் ஆதார் சேர்ந்திருக்கலாம். மேப்பரில் இடம் ஒன்றுதான். அது கடைசியாகப் பதிந்த வங்கிக்குப் போகும். முன்பு இருந்த வங்கியின் பெயர் அந்த நொடியே அழிந்துவிடும். மகளிர் குழுக் கடனுக்காக ஒரு கணக்கு, வாசலுக்கே வந்து விரல் ரேகை வாங்கித் திறந்துகொடுத்த இன்னொரு கணக்கு என்று புதிதாக எது வந்தாலும், படிவத்தில் பத்துக் கையெழுத்துகளுக்கு நடுவே போட்ட ஒரு டிக் கூலியின் திசையைத் திருப்பிவிடும். வேலை செய்த அம்மாள் வழக்கமான வங்கியில் பாஸ்புக்கை நீட்டுவார். வரவு இருக்காது.

இது கற்பனையான அச்சம் என்று ஒதுக்க முடியாது. 2017இல் நாடு முழுவதும் நடந்தது. சிம் கார்டை ஆதாரோடு சரிபார்க்க ஏர்டெல் கடைகளுக்குப் போனவர்களின் பெயரில், அவர்களுக்குத் தெளிவாகத் தெரியாமலேயே ஏர்டெல் பேமென்ட்ஸ் வங்கியில் கணக்குகள் திறக்கப்பட்டன. மேப்பர் தன் விதிப்படி நடந்தது: கடைசியாக வந்த வங்கி எதுவோ அதற்கே சமையல் எரிவாயு மானியம். லட்சக்கணக்கானோரின் மானியம் அவர்கள் கேள்விப்படாத கணக்கில் போய்ச் சேர்ந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ஆதார் ஆணையம் அந்நிறுவனத்தின் மின்னணுச் சரிபார்ப்பு உரிமத்தை நிறுத்திவைத்தது. திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்த தொகை சுமார் 190 கோடி ரூபாய். 2018 மார்ச்சில் ரிசர்வ் வங்கி 5 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. இந்த விவகாரத்தை ஒட்டித்தான், மேப்பரில் வங்கியை மாற்ற வாடிக்கையாளரின் வெளிப்படையான ஒப்புதல் வேண்டும் என்ற கண்டிப்பு வந்தது.

கவனிக்க வேண்டியது, 2017இல் கணினி எங்கும் பழுதாகவில்லை என்பது. பணம் ஒன்றுகூடத் திரும்பவில்லை. கணக்கு எழுதியவர்களின் பார்வையில் அத்தனையும் வெற்றிகரமான பரிவர்த்தனைகள்.

இங்கே வெற்றி என்பதை அரசு எப்படி அளக்கிறது என்று பார்ப்பது பயன் தரும். 2023 ஜூனில் அமைச்சகம் வெளியிட்ட அறிக்கை, ஆதார் வழிப் பட்டுவாடாவில் வெற்றி 99.55 விழுக்காட்டுக்கு மேல் என்றும், கணக்கு எண் வழியில் சுமார் 98 விழுக்காடு என்றும் சொன்னது. இரண்டுக்கும் இடையே ஒன்றரை விழுக்காட்டுச் சொச்சம். இதற்காகத்தான் கோடிக்கணக்கானோர் வங்கி வாசலில் நின்றார்கள் என்பது ஒருபுறம். மறுபுறம், அந்த வெற்றி என்பது பணம் ஏதோ ஒரு கணக்கில் ஏறிவிட்டது என்பதை மட்டுமே சொல்கிறது. வேலை செய்தவருக்கு அந்தக் கணக்கு தெரியுமா, அதன் பாஸ்புக் அவரிடம் உண்டா, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அந்த வங்கி அதில் கைவைத்ததா என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் வராது. கைவைப்பது நடக்காத காரியமல்ல. 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையாக வந்த 1,000 ரூபாயிலேயே சில வங்கிகள் கட்டணம் பிடித்துக்கொள்ள, அப்போதைய தமிழ்நாட்டு நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அவற்றை எச்சரிக்க வேண்டியிருந்தது.

இன்னொரு விழுக்காடும் உண்டு. 2023 டிசம்பர் இறுதி நிலவரப்படி நாட்டில் வேலை அட்டையில் பெயர் இருந்தவர்கள் 25.25 கோடிப் பேர். அவர்களில் 34.8 விழுக்காட்டினர் அப்போது ஏ.பி.பி.எஸ். முறைக்குத் தகுதி பெறவில்லை. அமைச்சகம் இந்தக் கணக்கை ஏற்கவில்லை. மூன்று ஆண்டுகளில் ஒரு நாளாவது வேலை பார்த்த 14.35 கோடிப் பேரை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னது. சரி, அப்படியே எடுத்துக்கொண்டாலும் 12.7 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 1.8 கோடிப் பேர் வெளியே நின்றார்கள்.

இந்த விழுக்காட்டைக் குறைக்க இரண்டு வழிகள். ஒன்று, விடுபட்டவர்களை இணைப்பது. மற்றொன்று, விடுபட்டவர்களின் பெயரையே எடுத்துவிடுவது. 2021-22இல் வேலை அட்டைகளிலிருந்து நீக்கப்பட்ட பெயர்கள் சுமார் 1.49 கோடி, 2022-23இல் அது 5.18 கோடி. நாடாளுமன்றத்தில் அரசே கொடுத்த எண்கள் இவை. போலி அட்டை, இரட்டைப் பதிவு, இறப்பு, இடம்பெயர்வு, வேலை செய்ய விருப்பமில்லாமை ஆகியவை காரணம் என்றார்கள். ஓராண்டில் இறப்பும் இடம்பெயர்வும் மூன்றரை மடங்கானது எப்படி என்பதை அந்தப் பதில் விளக்கவில்லை. ஆதார் இணைப்புக்கும் நீக்கத்துக்கும் தொடர்பில்லை என்பது அமைச்சகத்தின் நிலை. இலக்கை எட்டச் சொல்லி மேலிருந்து நெருக்கடி வரும்போது கீழே இருக்கும் ஊழியருக்கு எது சுலபம் என்பது பி.டி.ஓ. அலுவலகம் ஏறி இறங்கியவர்களுக்குத் தெரியும்.

தமிழ்நாட்டுக்கே உரிய இடைஞ்சல் ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மேப்பருக்கு முன்னால் ஒரு வாசல் இருக்கிறது: வேலை அட்டையில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் பொருந்த வேண்டும். நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். அது ஓர் ஆவணத்தில் முன்னால் நிற்கும், இன்னொன்றில் பின்னால் நிற்கும், மூன்றாவதில் அப்பா அல்லது கணவரின் முழுப் பெயராக விரியும். லட்சுமி என்ற பெயரை ஆங்கில எழுத்தில் நான்கு விதமாக எழுதலாம். கணினிக்கு நான்கும் நான்கு பெண்கள்.

இத்தனையும் எதற்கு என்றால், கசிவை அடைத்துப் பணத்தை மிச்சப்படுத்த என்பார்கள். நேரடிப் பணப்பரிமாற்றத்தால் மிச்சமானதாகத் தில்லி சொல்லும் தொகை 2 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. அந்தக் கணக்கை அப்படியே விழுங்குவதற்குமுன் எரிவாயு மானியத்தில் நடந்ததை நினைவுபடுத்திக்கொள்ளலாம். 2014 ஏப்ரல் முதல் டிசம்பர் வரையான காலத்தோடு ஒப்பிட, 2015இன் அதே மாதங்களில் மானியச் செலவு 23,316 கோடி ரூபாய் குறைந்தது. அதில் 21,552 கோடி விலைச் சரிவால் வந்தது, சிலிண்டர் வாங்குவது குறைந்ததால் வந்தது 1,764 கோடிதான் என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2016இல் பிரித்துக் காட்டினார். உலகச் சந்தையில் விலை விழுந்ததன் பெருமை பெரும்பாலும் தொழில்நுட்பத்தின் கணக்கில் வரவு வைக்கப்பட்டிருந்தது.

கூலி தாமதமாவதற்கும் ஆதாரே மருந்து என்று சொல்லப்படுகிறது. நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு 2022-23இல் திருத்திய மதிப்பீடு 89,400 கோடி ரூபாய். 2023-24 நிதிநிலை அறிக்கையில் ஒதுக்கியது 60,000 கோடி. பெட்டியில் பணம் இல்லாதபோது மேப்பர் எவ்வளவு துல்லியமாக இருந்தும் அனுப்புவதற்கு ஒன்றும் இருக்காது. இதைச் சொல்ல எதிர்க்கட்சி தேவையில்லை. தாமதத்துக்கு நிதிப் பற்றாக்குறையும் ஒரு காரணம் என்று 2017 ஆகஸ்டில் மத்திய நிதியமைச்சகத்தின் குறிப்பே ஒப்புக்கொண்டது. 2018 மே மாதம் ஸ்வராஜ் அபியான் அமைப்பு தொடர்ந்த வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தாமதத்துக்கு மத்திய அரசையும் பொறுப்பாக்கியது.

மீதிக் கேள்விகளுக்குச் சுருக்கமாக.

என் பணம் எந்த வங்கிக்குப் போகிறது என்று எப்படிப் பார்ப்பது? ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் ‘பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்’ என்ற பகுதி வங்கியின் பெயரைக் காட்டும்; ஆதாரில் பதிந்த கைப்பேசி எண் வேண்டும்.

சாதாரண போனில்? *99*99*1# அழுத்தி ஆதார் எண்ணைக் கொடுத்தால் இணைப்பு உண்டா இல்லையா என்று தெரியும்.

வங்கியில் என்ன கேட்க வேண்டும்? ஆதார் இணைப்பு என்று மட்டும் சொல்லாமல், அரசுப் பணம் இந்தக் கணக்குக்கே வர என்.பி.சி.ஐ.யில் பதியுங்கள் என்று கேட்டு, முன்பிருந்த வங்கியின் பெயரோடு ஒப்புதல் படிவம் கொடுக்க வேண்டும்.

‘இன்ஆக்டிவ் ஆதார்’ என்று கூலி திரும்பியிருக்கிறது, ஆதார் செத்துவிட்டதா? இல்லை, மேப்பரில் இணைப்பு இல்லை என்று பொருள், ஆதார் மையத்துக்கு ஓட வேண்டியதில்லை.

கூலி பெற விரல் ரேகை வேண்டுமா? வரவு வைக்க வேண்டாம். வங்கி முகவரிடம் கைரேகைக் கருவியில் எடுக்கும்போது மட்டும் வேண்டும்.

தாமதத்துக்கு நஷ்டஈடு? பதினாறாம் நாளிலிருந்து நாளொன்றுக்கு 0.05 விழுக்காடு, 2023-24இல் இருந்த 294 ரூபாய் வீதம் ஆறு நாள் கூலிக்கு அது 88 பைசா.

மேற்கு வங்கத்துக்கும் இதே கெடுவா? ஆம், ஆனால் அங்கே 2022 மார்ச் முதல் மத்திய நிதியே நிறுத்தப்பட்டிருந்தது.

ஏ.பி.பி.எஸ். ஆகவில்லை என்று வேலை மறுக்கலாமா? கூடாது, அட்டையையும் நீக்கக் கூடாது என்று அமைச்சகம் 2023 ஆகஸ்டில் அறிக்கையாக எழுத்திலேயே சொன்னது.

அப்படி வேலை பார்த்தவருக்கு 2024 ஜனவரியில் கூலி எந்த வழியில் வரும்? அந்த ஆகஸ்ட் அறிக்கை, முகாம் நடத்தி எல்லோரையும் இணைத்துவிடுமாறு மாநிலங்களைக் கேட்டுக்கொள்வதோடு முடிந்தது.