கால் திருப்பில் ஒரு கணக்கு

கார்புரேட்டர் கார்களின் காலம் முடிந்துவிட்டது. ஆனால் அதன் சின்னத் திருகு இன்னமும் ஓய்வு பெறவில்லை. இப்போது அதற்கு வேலை வைத்திருப்பது பெட்ரோல் பங்க்.

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் தமிழ்நாட்டை உரசிக்கொண்டு நிற்கிறது மீனாட்சிபுரம். பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்குப் போகும் சாலைகளில் ஒன்று இங்கேதான் எல்லை தாண்டுகிறது. ரயிலும் இந்த வழிதான். சித்தூர் தாலுகாவின் இந்தப் பகுதியில் தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் கைகோர்த்துக்கொள்ளும். ஆனால் பழைய கார் வைத்திருப்பவருக்கு ஊரின் விசேஷம் வேறு. மேற்கே போனால் கணவாயின் சமவெளி, வெயில், வெந்த காற்று. கிழக்கே வந்து தெற்கே திரும்பினால் மலை. ஆழியாறைத் தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஆயிரம் மீட்டருக்கு மேல் வால்பாறை. உடுமலைப்பேட்டை, மறையூர் வழியே போனால் இடுக்கி மாவட்டத்து மூணாறு, சுமார் 1,500 மீட்டர். கேரளத்துக்குச் சொந்தமான பரம்பிக்குளத்துக்குப் போகவும் கேரளத்துக்காரர் தமிழ்நாட்டுக்குள் வந்து, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான் ஏறியாக வேண்டும்.

கீழே ஒழுங்காக ஓடிய பத்மினியோ பெட்ரோல் அம்பாசடரோ மேலே போனதும் முரண்டு பிடிக்கும். பிக்கப் போய்விடும். புகைக்குழாயில் கறுப்பு தட்டும். இறக்கத்தில் ‘படார்’ என்று வெடிக்கும். கார் கெட்டுவிட்டதாக நினைத்து வழியில் மெக்கானிக் தேடியவர்கள் ஏராளம். கார் கெடவில்லை, காற்றுதான் மெலிந்துவிட்டது.

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். கனஅளவில் பார்த்தால் இன்னும் மலைப்பு: ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று. இந்தக் கலவையைத் தயாரிப்பதுதான் கார்புரேட்டரின் வேலை. அதில் மின்சாரம், கணினி என்று எதுவும் இல்லை. நடுவில் இடுப்பு ஒடுங்கிய ஒரு குழாய். எஞ்சின் காற்றை இழுக்கும்போது அந்த ஒடுங்கிய இடத்தில் காற்றின் வேகம் கூடி அழுத்தம் குறைகிறது. பக்கத்துத் தொட்டியில் இருக்கும் பெட்ரோல், ஜெட் என்கிற சின்னத் துளை வழியாக அங்கே உறிஞ்சப்பட்டுத் தூறலாக விழுகிறது. அவ்வளவே. ஜெட்டின் துளை மில்லிமீட்டர் கணக்கு. சோலெக்ஸ் ஜெட்டில் 120 என்று பொறித்திருந்தால் துளை 1.2 மில்லிமீட்டர். குண்டூசியோ கம்பியோ விட்டுக் குத்திச் சுத்தம் செய்தால் துளை பெரிதாகிவிடும். பிறகு அந்தக் கார் ஆயுள் முழுக்கக் கூடுதலாகக் குடிக்கும். விவரம் தெரிந்த கைகள் காற்றடித்துத்தான் சுத்தம் செய்யும்.

ஆயிரம் மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைகிறது. பெட்ரோல் அதே விகிதத்தில் குறைவதில்லை. விளைவாகக் கலவையில் பெட்ரோல் சுமார் 5 சதவீதம் தூக்கலாகிவிடும். மூணாறு உயரத்தில் இது 7 சதவீதத்தை எட்டும். பட்டறை மொழியில் இது ‘ரிச்’. காற்று தூக்கலானால் ‘லீன்’. மலையிலேயே குடியிருக்கும் கார்களுக்கு ஒரு எண் சிறிய ஜெட் மாட்டுவது பழைய வழக்கம். ஒருநாள் உல்லாசத்துக்குப் போகிறவர் இதற்கெல்லாம் மெனக்கெடுவதில்லை. பேசாமல் ஏறிவிட்டு இறங்குவார். போகிற வழியில் பெட்ரோல் சூட்டில் ஆவியாகி, பம்ப் இழுக்க மறுத்தால் அதன் மேல் ஈரத்துணி சுற்றுவார். அம்பாசடர், ஃபியட் காலத்துக் குடும்பங்களுக்கு இந்த ஈரத்துணி வைபவம் மறந்திருக்காது.

மீனாட்சிபுரம் மாதிரி அடிவார ஊர்களில் பட்டறைக்காரர் முதலில் விசாரிக்க வேண்டிய விஷயம், கார் எங்கே ஓடப்போகிறது என்பது. அதைக் கேட்காமல் திருகைத் தொடுவது, ஆளைப் பார்க்காமல் சட்டை தைப்பது போல.

திருகு என்று சொன்னாலும் கார்புரேட்டரில் திருகுகள் இரண்டு. ஒன்று, எஞ்சின் சும்மா ஓடும் வேகத்தை, அதாவது ஸ்லோ ரன்னிங்கை வைப்பது. மற்றது, அந்த வேகத்தில் கலவையை வைப்பது. முதலில் எஞ்சின் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். சோக் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். ஏர் ஃபில்டர் சுத்தம், பிளக்கின் இடைவெளி, டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட், டைமிங் எல்லாம் சரிபார்த்த பிறகுதான் கார்புரேட்டர் பக்கமே வர வேண்டும். பாயின்ட் தேய்ந்துபோய் மிஸ்ஸிங் அடிக்கும் எஞ்சினைத் திருகால் சரிசெய்யப் புறப்பட்டவர்கள் கடைசியில் இரண்டையும் கெடுத்திருக்கிறார்கள்.

கலவைத் திருகை மெதுவாக உள்ளே போகும்வரை திருப்பி, அங்கிருந்து ஒன்றரை அல்லது இரண்டு சுற்று வெளியே எடுப்பது ஆரம்ப நிலை. இறுக்கினால் ஊசி முனை தழும்பேறிவிடும், பிறகு எந்தக் கொம்பனாலும் ட்யூன் செய்ய முடியாது. பிறகு கால் சுற்றுக் கால் சுற்றாக உள்ளே. எஞ்சின் தடுமாறும், நிற்கப் பார்க்கும். திரும்ப வெளியே. சத்தம் சீராகி, வேகம் கூடி, ஒரு கட்டத்துக்கு மேல் கனத்து உருளத் தொடங்கும். இந்த இரண்டு தடுமாற்றத்துக்கும் நடுவே, எஞ்சின் வேகம் உச்சத்தில் இருக்கும் ஒரு புள்ளி இருக்கிறது. அதைப் பிடித்ததும் மற்றத் திருகால் வேகத்தைக் குறைக்க வேண்டும். குறைத்ததும் புள்ளி கொஞ்சம் நகர்ந்திருக்கும். மறுபடியும் முதலிலிருந்து. நல்ல காது உள்ளவருக்குப் பத்து நிமிஷ வேலை. சில கார்புரேட்டர்களில், குறிப்பாகப் பல பைக்குகளில், திருகு கட்டுப்படுத்துவது பெட்ரோலை அல்ல, காற்றை. அங்கே திசை தலைகீழ். சோலெக்ஸில் பழகிய கை அங்கே ஏமாறும்.

காது சொன்னதைப் பிளக் உறுதிசெய்யும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுக் கழற்றிப் பார்த்தால், கரி படிந்திருந்தால் ரிச். வெளுத்திருந்தால் லீன். பிஸ்கட் நிறம் என்றால் சரி.

ஆனால் இந்தத் திருகைப் பற்றிய ஒரு மூடநம்பிக்கை முப்பது வருஷமாக உயிரோடு இருக்கிறது. திருகை உள்ளே திருப்பினால் மைலேஜ் கிடைக்கும் என்பதே அது. கலவைத் திருகின் ஆட்சி ஸ்லோ ரன்னிங்கிலும் அதை அடுத்த கொஞ்ச வேகத்திலும்தான். நெடுஞ்சாலையில் 60 கிலோமீட்டரில் போகும்போது பெட்ரோலை அளந்து விடுவது மெயின் ஜெட். அந்த நேரத்தில் திருகு கிட்டத்தட்ட வேடிக்கை பார்க்கிறது. அளவுக்கு மீறி உள்ளே திருப்பி வைத்தவர் சிக்னலில் நின்றுபோகும் காரைத்தான் பெற்றார். பணம் மிச்சமாகவில்லை.

திருகு நிஜமாகவே ஆட்சி செய்யும் இடம் புகைச் சோதனை. பழைய பெட்ரோல் கார்களை நிறுத்தி வைத்து, ஸ்லோ ரன்னிங்கில்தான் புகைக்குழாயில் கருவியைச் செருகுகிறார்கள். 1989ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகள் கார்களுக்கு வைத்த வரம்பு, கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம். 2004 அக்டோபரிலிருந்து எரியாத ஹைட்ரோகார்பனுக்கும் வரம்பு வந்தது. பாரத் ஸ்டேஜ் 2 கார்களுக்கு மோனாக்சைடு வரம்பு 0.5 சதவீதமாக இறுகியது. காதுக்கு இனிமையாக இருக்கும் இடம் எப்போதும் மீட்டருக்கு இனிமையாக இருப்பதில்லை. எஞ்சின் மிக வழவழப்பாக ஓடும் புள்ளி பெரும்பாலும் சற்றே ரிச் பக்கம். மீட்டருக்குக் கால் சுற்று உள்ளே வேண்டும். அதனால் சோதனைக்கு முன் உள்ளே, சான்றிதழ் கைக்கு வந்ததும் வெளியே என்று ஒரு நாடகம் நாடெங்கும் நடந்தது. பிற்காலக் கார்கள் பலவற்றில் திருகின் தலையை மூடி அடைத்தே அனுப்பியதற்கு இப்படிப்பட்ட விரல்கள்தான் காரணம்.

சட்டத்தைவிட முக்கியமான சங்கதி பட்டறைக் கூரைக்குள் இருக்கிறது. மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாடையில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் அதிக மோகத்தோடு பிடித்துக்கொள்கிறது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ரிச்சாக ஓடும் எஞ்சினுக்கு மேல் குனிந்து ட்யூன் செய்பவருக்கு வரும் தலைவலியை வெயில் என்றும் பசி என்றும் நினைத்துக்கொண்ட தலைமுறை ஒன்று உண்டு. காரை வெளியே தள்ளி நிறுத்திவிட்டு வேலை பார்த்திருந்தாலே போதும்.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பொருளோடு நெருங்கிய சொந்தம். அம்பாசடர், ஃபியட்டுகளில் இருந்த பிரெஞ்சு வழி சோலெக்ஸ்களைச் செய்தது சென்னையின் கார்புரேட்டர்ஸ் லிமிடெட். 1985இல் அதன் தொடர்ச்சியாக, ஜப்பானின் மிகுனியோடு கூட்டு வைத்து யூகால் பிறந்தது. மறைமலை நகரில் அது செய்த கார்புரேட்டர்கள் மாருதிக்குப் போயின. 2000 வாக்கில் புகை விதிகள் இறுகவே, கார்களில் கணினி கட்டுப்படுத்தும் எரிபொருள் பீய்ச்சி வந்தது. அம்பாசடர் 2014 மே மாதத்தோடு நின்றது. பம்பாய்வாசிகளுக்குப் பழகிய பத்மினி டாக்சிகளில் கடைசியானது 2023 அக்டோபரில் சாலையை விட்டுப் போனது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்தபோது பைக்குகளும் அநேகமாக மாறிவிட்டன. ஆனால் அதற்கு முன் விற்ற கோடிக்கணக்கான பைக்குகள், பாசத்தால் வைத்திருக்கும் கார்கள் இன்னும் ஓடுகின்றன.

இவர்களுக்குத்தான் இப்போது புதுத் தலைவலி. பெட்ரோலில் எத்தனால் 2022இல் 10 சதவீதமானது, 2025இல் 20. கேரளத்தைவிடத் தமிழ்நாட்டில் லிட்டருக்குச் சில ரூபாய் மலிவு என்று எல்லை தாண்டி நிரப்புகிறவருக்கும் கிடைப்பது இதே கலவைதான். எத்தனாலில் ஆக்சிஜன் ஏற்கெனவே இருக்கிறது. அதன் ஒரு கிலோவுக்கு 9 கிலோ காற்று போதும். ஆக, 20 சதவீதக் கலப்புக்குத் தேவையான காற்று சுமார் 13.5 கிலோ. புதுக் காரில் புகைக்குழாயிலுள்ள சென்சார் இதை மோப்பம் பிடித்துக் கணினிக்குச் சொல்லும், கணினி கூடுதலாகப் பீய்ச்சும். கார்புரேட்டருக்கு மூக்கு கிடையாது. அதே துளை, அதே அளவு. கலவை சுமார் 8 சதவீதம் லீன் ஆகிறது. காலையில் ஸ்டார்ட் ஆக அடம், ஆக்சிலேட்டரை மிதித்ததும் ஒரு திணறல், சமயத்தில் கார்புரேட்டர் வழியே தும்மல்.

எத்தனால் கலப்பை அரசு ஆதரித்துத்தான் பேசுகிறது. கரும்பு விவசாயிக்கு வருமானம், எண்ணெய் இறக்குமதியில் மிச்சம் என்ற வாதங்களில் நியாயமும் இருக்கிறது. எத்தனாலின் ஆக்டேன் அதிகம் என்பதால் நாக்கிங் பயமும் இல்லை. ஆனால் பழைய வடிவமைப்பு நான்கு சக்கர வண்டிகளில் மைலேஜ் 6–7 சதவீதம் குறையலாம் என்று சொன்னது நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையேதான். பெட்ரோல் குழாய், பம்ப் டயாஃப்ரம், வாஷர் போன்ற பழைய ரப்பர்கள் எத்தனாலில் ஊறி உப்பும் அல்லது வெடிக்கும். வாரக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டியில் எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ள, கார்புரேட்டர் தொட்டியின் அடியில் தண்ணீர் தங்கி வெள்ளையாக அரிக்கும். நிறுத்திப்போடும் முன் தொட்டியைக் காலி செய்துவிடுவது நல்லது. ரப்பரை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுவது அதைவிட அவசரம், பெட்ரோல் ஒழுகினால் தீப்பிடிக்கும்.

ட்யூனிங்கில் பரிகாரம் உண்டு. கலவைத் திருகை இன்னும் கால் சுற்று, அரைச் சுற்று வெளியே எடுத்தால் ஸ்லோ ரன்னிங் அடங்கும். ஓட்டத்தில் திணறல் இருந்தால் ஒரு எண் பெரிய மெயின் ஜெட். அன்று மலைக்குச் சிறிய ஜெட் தேடியவர் இன்று சமவெளிக்குப் பெரிய ஜெட் தேடுகிறார். கிடைப்பதுதான் பாடு.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. எத்தனாலால் 8 சதவீதம் லீன் ஆன கார் வால்பாறை ஏறினால், மெலிந்த காற்று அதை 5 சதவீதம் ரிச் பக்கம் தள்ளுகிறது. மூணாறு என்றால் கிட்டத்தட்ட கணக்கு நேர். ஜெட்டைத் தொடாத பழைய பத்மினி, ஐம்பது வருஷம் முனகிய அதே மலையில் இப்போது முனகாமல் ஓடலாம். திரும்பி மீனாட்சிபுரத்துக்கு இறங்கி வரும்போதுதான் தும்மல் ஆரம்பிக்கும்.