தாழ்ந்த காருக்கு எந்த டயர்?

ஸ்பிரிங்கைக் குட்டையாக்கி, காரைத் தரையோடு தரையாக இறக்கி ஓட்டுவது இளைஞர்கள் சிலரின் ஆசை. பார்ப்பதற்குப் பந்தயக் கார் போல இருக்கும். ஆனால் அந்தக் காரில் பாட்டியும் பேரப்பிள்ளைகளும் ஏறினால்?

மீஞ்சூரிலிருந்து காட்டுப்பள்ளி துறைமுகத்துக்குப் போகும் வழியை எண்ணிப் பாருங்கள். முன்னே ஒரு கன்டெய்னர் லாரி. பின்னே ஒரு கன்டெய்னர் லாரி. நடுவில் திடீரென்று ஒரு பள்ளம் வந்தால், நம்மைக் காப்பாற்றுவது காரின் பளபளப்பு அல்ல, நான்கு டயர்கள்தான்!

வட சென்னைக்கு டயர் புதிதல்ல. 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 1961-ல் அதே ஊரில் டயர் செய்தது. டயர் பிறந்த வட்டாரத்தில் இருந்துகொண்டு, டயரில் எழுதியிருப்பதைப் படிக்காமல் வாங்கலாமா?

டயர் சொல்லும் கணக்கு

ஒரு சிறிய காரின் டயரில் "165/80 ஆர்14 85" என்று இருக்கிறது. 165 என்பது டயரின் அகலம், மில்லி மீட்டரில். 80 என்பது பக்கச் சுவரின் உயரம். அகலத்தில் நூற்றுக்கு 80 பங்கு. அதாவது 132 மி.மீ. 14 என்பது சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில். அது சுமார் 356 மி.மீ. இதோடு மேல் சுவரையும் கீழ்ச் சுவரையும் கூட்டினால், மொத்த உயரம் 620 மி.மீ.

இதற்குப் பதிலாக 15 அங்குலச் சக்கரம் போட விரும்பினால், 195/60 டயரின் உயரம் 615 மி.மீ. வித்தியாசம் ஐந்தே மி.மீ. மோசமில்லை.

195/50 டயர் இன்னும் எடுப்பாக இருக்கும். ஆனால் உயரம் 576 மி.மீ. தான். ஏற்கெனவே தாழ்ந்த கார் மேலும் 22 மி.மீ. தாழும். மீட்டர் 60 காட்டும்போது உண்மை வேகம் 56 தான் இருக்கும்.

எடையைத் தாங்குமா?

கடைசி எண்தான் முக்கியம். அது பளு எண். 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும். 195/50 டயரில் பெரும்பாலும் 82 என்று இருக்கும். அது தாங்குவது 475 கிலோ. நான்கு டயருக்கும் சேர்த்து 160 கிலோ குறைவு! இரண்டு பெரியவர்களின் எடை அது. பக்கச் சுவர் குட்டையானால் பள்ளத்தின் அடி நேராக ரிம்மில் விழும். ரிம் வளையும், டயர் வீங்கும்.

பார்த்து வாங்குங்கள்

புது டயரின் மொத்த உயரம் பழைய டயருக்கு ஒத்திருக்க வேண்டும். பளு எண் குறையவே கூடாது. வீட்டார் எல்லோரையும் காரில் ஏற்றி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். டயர் மட்கார்டில் உரசினால் அந்த டயர் வேண்டாம். உரசிய டயர் ஓட்டத்தில் கிழியும்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்குப் பதிவுப் புத்தகம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டம். 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது.

ஆகவே காரை இறக்காமல் இருப்பதே மேல். இறக்கிய காரை வாங்கிவிட்டவர்கள், பழைய உயரத்து ஸ்பிரிங்கையே திரும்பப் போடலாம். டயர் அளவைக் கடைக்காரரிடம் கேட்குமுன், டிரைவர் பக்கக் கதவோரம் ஒட்டியுள்ள சீட்டைப் படியுங்கள். உங்கள் குடும்பத்தின் எடையைக் கணக்கிட்டுத்தான் கார் செய்தவர்கள் அதை எழுதியிருக்கிறார்கள்!