பழைய பிக்கப்புக்கு எந்தச் சட்டம்?

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் பழைய நிலைக்கதவு வாங்கப் போகிறவர் முதலில் எதைப் பார்க்கிறார்? புதியவர் என்றால் செதுக்கு வேலையைப் பார்த்து மயங்கி நிற்பார். விஷயம் தெரிந்தவரோ குனிந்து நிலைச் சட்டத்தின் அடிமூலையைத் தட்டிப் பார்ப்பார். கரையான் ஏறியிருக்கிறதா, மூலைக்கு மூலை நூல் பிடித்தால் அளவு ஒத்து வருகிறதா என்பதுதான் அவர் கவலை. பூ வேலையை ஆசாரி பிறகு செதுக்கிக் கொடுத்துவிடுவார். கோணிப் போன சட்டம் சுவரில் நிற்காது.

பழைய பிக்கப் வண்டியைப் புதுப்பிக்க ஆசைப்படுகிறவருக்கும் இதே கண் வேண்டும். செட்டிநாட்டு வீடுகளின் வண்டிக்கொட்டகைகளில் கிடந்த பழைய மோட்டார்களுக்கு இன்று கிராக்கி அதிகம். வாங்குகிறவரோ முகப்பு விளக்கின் வளைவையும், பானட்டில் உள்ள பித்தளை எழுத்தையும் பார்த்தே விலை பேசி முடித்துவிடுகிறார். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பவர் பத்துக்கு ஒருவர் இருந்தால் அதிகம்.

அடியில் இருப்பதுதான் வண்டி. பிக்கப்பின் எஞ்சின், அச்சு, ஸ்பிரிங், ஸ்டியரிங் பெட்டி, கேபின், பின்தொட்டி ஆகிய எல்லாம் ஏணி போன்ற ஓர் இரும்புச் சட்டத்தின்மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டு நீளச் சட்டங்கள், நடுவே குறுக்குச் சட்டங்கள், அவற்றை இணைக்கும் ரிவெட்டுகள். பட்டறையில் இதைச் சேஸிஸ் என்பார்கள். எல்லா மோட்டாருக்கும் இது உண்டு என்று நினைத்துவிட வேண்டாம். அம்பாஸிடரில் தனிச் சட்டம் கிடையாது, உடலே சட்டம். ஆகவே அதைப் புதுப்பிக்கும் வழி வேறு.

ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு ஆகிய அமெரிக்கக் கம்பெனிகள் பம்பாயில் வண்டிகளைப் பூட்டி விற்றுவந்தன. 1954-இல் இரண்டும் அந்தத் தொழிலை நிறுத்திக்கொண்டன. அந்தக் காலத்துச் செவர்லே பிக்கப்பையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 1947 முதல் 1955 தொடக்கம் வரை வந்த அரை டன் செவர்லேயில் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 116 அங்குலம். முக்கால் டன் வண்டிக்கு 125 அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல். ஒரு டன்னுக்கு 137. முகம் மூன்றுக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நாடா பிடித்துப் பார்க்காமல் அரை டன் தொட்டியை முக்கால் டன் சட்டத்துக்கு வாங்கி வந்தால், தொட்டியும் சக்கர வளைவும் ஒன்றுக்கொன்று பேசாது.

இப்போது கேள்விக்கு வருவோம். வண்டியின் சொந்தச் சட்டம் துருப்பிடித்துக் கிடக்கிறது. அதையே செப்பனிடுவதா, அதே மாதிரி வண்டியிலிருந்து இன்னொரு சட்டம் எடுப்பதா, அல்லது புதுக்காலத்து வண்டியின் சட்டத்தின்மேல் பழைய கேபினைத் தூக்கி வைப்பதா?

மூன்றாவது வழி அமெரிக்காவில் பிரசித்தம். அங்கே 1980களின் எஸ்-10 என்ற சிறிய பிக்கப்பின் சட்டத்தைப் பழைய செவர்லே உடலுக்கு அடியில் கொடுத்துவிடுகிறார்கள். அதன் நீளமான வகையில் அச்சு இடைவெளி ஏறக்குறைய 118 அங்குலம். ஆகவே சிறிது வெட்டி ஒட்டினால் பொருந்துகிறது. டிஸ்க் பிரேக்கும் பவர் ஸ்டியரிங்கும் கூடவே வந்துவிடும். ஆனால் அச்சு குறுகலானது. சக்கரம் உள்ளே ஒடுங்கி, பெரிய சட்டை போட்ட சின்னப் பையனைப் போல வண்டி நிற்கும். நம் ஊரிலும் ஜீப் வகைச் சட்டங்களைக் கொண்டு இந்த வேலையைச் செய்யலாமே என்று சிலர் யோசிக்கிறார்கள்.

இங்கேதான் தமிழ் நம்மோடு ஒரு சிலேடை விளையாடுகிறது. இரும்புச் சட்டத்தை மாற்றுமுன் அரசாங்கச் சட்டத்தைக் கேட்டாக வேண்டும்! மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, தயாரித்த கம்பெனி குறித்த விவரத்துக்கு மாறாகப் பதிவுப் புத்தகத்தில் உள்ளதை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. 2021-இல் பழம்பெரும் வாகனங்களுக்கென்றே மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. முதல் பதிவாகி 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும். சொந்த உபயோக வண்டியாக இருக்க வேண்டும். சேஸிஸிலோ உடலிலோ எஞ்சினிலோ பெரிய மாறுதல் செய்திருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். பத்து ஆண்டுக்குச் செல்லும். எண் பலகையில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். அன்றாடம் ஓட்ட அனுமதி இல்லை. கண்காட்சி, பழங்கார் ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டுமே தெருவில் இறக்கலாம்.

பிக்கப் வாங்குகிறவருக்கு இதில் ஒரு முள் இருக்கிறது. பல பிக்கப்புகள் சரக்கு வண்டியாகப் பதிவானவை. எனவே பழைய பதிவுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது உத்தமம். சிவகங்கை தனி மாவட்டமானது 1985-இல்தான். அதற்கு முந்திய புத்தகத்தில் இராமநாதபுரம் ஜில்லா என்று இருந்தால் திகைக்க வேண்டாம்.

ஆக, என் அபிப்பிராயத்தில், வண்டியின் சொந்தச் சட்டத்தைக் காப்பாற்ற முடியுமானால் அதுவே முதல் வழி. உடல் ஓட்டையாக இருந்தாலும் பரவாயில்லை. தகடு அடிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். வேற்று வண்டியின் எண் பொறித்த சட்டத்தின்மேல் மினுமினுக்கும் உடல் இருந்தால், பணம் கொடுத்து வழக்கை வாங்குவதாகிவிடும்.

சரி, துருவை என்ன செய்வது? துருவைப் பற்றி யோசிக்கக் காரைக்குடியைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. டாக்டர் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இங்கேதான் இருக்கிறது. உலோக அரிப்பு அதன் முக்கிய ஆராய்ச்சிகளில் ஒன்று. மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளை உப்புக் காற்றில் நிறுத்திச் சோதித்திருக்கிறார்கள்.

துரு என்பது மின்வேதியியல் வேலை. இரும்பு, ஈரம், காற்று மூன்றும் சேர்ந்தால் சின்ன பாட்டரிபோல ஒன்று உண்டாகி இரும்பைத் தின்கிறது. உப்பு சேர்ந்தால் வேகம் கூடுகிறது. ஆகவே வண்டி எந்த ஊரில் கிடந்தது என்று விசாரியுங்கள். காரைக்குடியின் வறண்ட கொட்டகையில் கிடந்ததும், தொண்டி, இராமேசுவரம் பக்கம் மீன் ஏற்றி ஓடியதும் ஒன்றாகா.

வெளித்துருவைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது இரண்டு தகடுகள் ரிவெட்டால் சேரும் இடுக்குத் துருவை. துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அதனால் தகடுகளைப் பிளந்து ரிவெட்டைத் தள்ளும். இரண்டு தகடும் உப்பிப் பிரிந்திருந்தால் அந்த ரிவெட்டுகளை எடுத்தே தீர வேண்டும். மேலே சாயம் பூசி மறைப்பது பிறருக்கு மட்டுமல்ல, ஓட்டப் போகிற நமக்கே செய்துகொள்ளும் துரோகம்.

சுத்தியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று பேசும். அரித்தது மந்தமாகச் சத்தமிடும். ஸ்டியரிங் பெட்டி உட்காரும் இடத்திலும், ஸ்பிரிங் தொங்கும் இடங்களிலும் மயிரிழைபோல வெடிப்பு இருக்கிறதா என்று மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்துப் பாருங்கள். ஸ்டியரிங் பெட்டி பிய்ந்துகொண்டால் வண்டி யார் சொல்லையும் கேட்காது. நீளச் சட்டத்தின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் பின்னாளில் யாராவது துளை போட்டிருந்தால் அது கெட்ட அடையாளம். பாரம் அழுத்துவதும் இழுப்பதும் அந்த விளிம்புகளைத்தான். துளை போட வேண்டுமானால் நடுப்பட்டையில்தான் போட வேண்டும். நேர்க்குத்தாக ஒட்டுப் போட்ட வெல்டிங் இருந்தால், சட்டத்தை ஒரு காலத்தில் நீட்டியோ குறைத்தோ இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பிறகு நிலைக்கதவு ஆசாரியின் வித்தை. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சட்டத்தின் ஒத்த துளைகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சுண்ணாம்புப் புள்ளி வையுங்கள். மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் சட்டம் கோணியிருக்கிறது. விபத்துக்கு ஆளான வண்டியாக இருக்கலாம். நிமிர்த்தக்கூடிய கோணல்தானா என்பதை அதற்கான ஜாக்கியும் மேடையும் உள்ள பட்டறைதான் சொல்ல வேண்டும்.

கடைசியாக, மணல் வீச்சுக்கு அனுப்புமுன் சேஸிஸ் எண்ணைத் தேடுங்கள். சில வண்டிகளில் நீளச் சட்டத்திலேயே அடித்திருப்பார்கள்; சிலவற்றில் கதவோரத் தகட்டில் இருக்கும். மெல்ல பிரஷால் துடைத்து, மேலே காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த இடத்தில் கெட்டித் துணி நாடாவை இரண்டு மூன்று சுற்று ஒட்டி, ‘இங்கே மணல் படக் கூடாது’ என்று பட்டறைக்காரரிடம் வாயால் சொன்னால் போதாது. சாக்கட்டியால் சட்டத்திலேயே எழுதியும் விடுங்கள்.