உங்களுக்குத் தெரியுமா? பித்தநாளப் புற்றுநோயின் போக்கைக் காட்டும் 22 எழுத்துகள்

தாய்லாந்தின் வடகிழக்கில், கோன் கேன் வட்டாரத்தில், பச்சை மீனைக் கொத்தி எலுமிச்சை பிழிந்து உண்ணும் 'கோய் பிளா' வெகு பிரசித்தம். அந்த மீனோடு உள்ளே போகும் கல்லீரல் தட்டைப்புழு பித்தநாளத்தில் ஆண்டுக்கணக்கில் தங்கிப் புண்ணாக்குகிறது. இதனால் உலகிலேயே பித்தநாளப் புற்றுநோய் மிக அதிகமாகத் தாக்கும் பகுதி இந்த வட்டாரம்தான். கண் மஞ்சளாகும்போதுதான் பலருக்கும் விஷயம் தெரியவருகிறது என்பது பெருங்கொடுமை.

கட்டி வேகமாகப் பரவுமா, அறுவைக்குப் பின் நோயாளி எவ்வளவு காலம் இருப்பார்? இதற்கு விடை தேடுபவர்கள் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை அளக்கிறார்கள். ஏறத்தாழ 22 மரபுக்குறியீட்டு எழுத்து நீளமே உள்ள இவை, செய்தி ஆர்.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு புரத உற்பத்தியைத் தடுப்பவை. 1993-இல் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள வேறொரு புழுவில் இவற்றை வெளிக்கொணர்ந்த விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவருக்கும் 2024-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இவற்றில் மைக்ரோ ஆர்.என்.ஏ.-21 முக்கியமானது. செல் பெருக்கத்துக்குக் கடிவாளம் போடும் பி.டி.இ.என். மரபணுவையே இது அடக்கிவிடுகிறது. கட்டியில் இதன் அளவு கூடியிருந்தவர்களின் ஆயுள் குறைவாக இருந்ததைப் பல ஆய்வுகள் கண்டன. ரத்தத்திலும் பித்தநீரிலும் இது எளிதில் சிதையாது என்பது கூடுதல் நம்பிக்கை. ஆனால் இதை அளப்பது வழக்கமான பரிசோதனையாக இன்னும் வரவில்லை. ஆய்வகத்துக்கு ஆய்வகம் அளவீடு மாறுவது பெரிய தடை.