டெஸ்க்டாப் ஏன் திடீரெனத் திணறுகிறது?

நன்றாக ஓடிக்கொண்டிருந்த டெஸ்க்டாப், வீடியோ எடிட்டிங் தொடங்கிய சில நிமிடங்களில் மந்தமாகிறதா? உடனே வைரஸ் என்று முடிவுகட்ட வேண்டாம். சூடு தாங்காமல் பிராசஸரே தன் வேகத்தைக் குறைத்திருக்கலாம். இன்டெல் டெஸ்க்டாப் பிராசஸர்கள் பலவற்றுக்கு வெப்ப எல்லை 100 டிகிரி செல்சியஸ். அதைத் தொட்டதும் கடிகார வேகமும் மின்னழுத்தமும் இறங்கும். சிப் செலவிடும் மின்திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் அழுத்தத்தைச் சிறிது குறைத்தாலே சூடு நன்றாகத் தணியும்.

டாஸ்க் மேனேஜரில் பிராசஸரின் வேகத்தைப் பாருங்கள். வேலை உச்சத்தில் இருக்கும்போது அது அடிப்படை வேகத்துக்கும் கீழே கிடந்தால் சந்தேகம் வலுக்கிறது. பெரும்பாலும் காரணம், ஹீட்சிங்க் இடுக்குகளில் கம்பளி போலப் படிந்த தூசி. இல்லையென்றால் பிராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் இடையே காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட். பேஸ்ட் வெடித்த இடத்தில் காற்று புகுந்துவிடும். காற்று வெப்பத்தை மிக மோசமாகவே கடத்தும். இந்த இரண்டையும் பார்க்காமல் புதுக் கணினி வாங்குவது வீண் செலவு.

மந்தமாகாமல், சுமை ஏறியதும் சட்டென அணைந்தால், கணினிக்கு மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். மீது கண் வையுங்கள். அதன் 12 வோல்ட் வெளியீடு 11.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் மாற்றிவிடுங்கள், திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளேயுள்ள கெப்பாசிட்டர்களில் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும்.