சொல்லும் கோலமும்: வலைப்பக்கங்களில் தொலைந்த தமிழ்

மட்டக்களப்பிலிருந்து கல்முனை செல்லும் வீதியில், கடலுக்கும் வாவிக்கும் இடையே எழுவான்கரையில் அமைந்துள்ள ஊர் குருக்கள்மடம். இப்பெயரை இன்று இணையத்தில் தேடுவோருக்கு அண்மைக்காலச் செய்திகள் எளிதில் கிடைக்கின்றன. 2000ஆம் ஆண்டையொட்டிய வருடங்களில் தமிழ்த் தளங்கள் வெளியிட்டவற்றுள் பல அகப்படுவதில்லை. அவற்றில் சொல்லும் அதன் தோற்றமும் பிரிக்கப்படாதிருந்தமையே இதற்கான காரணமாகும்.

அந்நாட்களில் நம்மவர் பெரிதும் கையாண்ட பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அதில் ‘கு’ என்பதற்குப் பெரிய எஃப், ‘ரு’ என்பதற்குப் பெரிய யூ, ‘க’ என்பதற்குச் சிறிய எஃப், மெய்யெழுத்தின் புள்ளிக்கு ஆங்கில அரைப்புள்ளி. கணினி சேமித்து வைத்ததோ ஆங்கில எழுத்துகளை; எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வேடம் அணிவித்தது, அவ்வளவே. எழுத்துருவைத் தரவிறக்கிக்கொள்ளாத வாசகர் கண்டது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலையே. தேடுபொறியும் அதையே கண்டது. வேடம் கலைந்ததும் ஆளும் இல்லாது போனார்!

இதனை வெறும் தொழில்நுட்பச் சிக்கலாகக் கருத முடியாது. 1990 ஜூலையில் குருக்கள்மடத்தில் கொல்லப்பட்ட முஸ்லிம்கள் குறித்துப் பின்னாளில் எழுதப்பட்டவற்றைத் தேடும் உறவினருக்கும், 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையில் உறவுகளை இழந்த கரையோரக் குடும்பங்களுக்கும் ஊர்ப்பெயரே திறவுகோல். அது பூட்டில் பொருந்தாவிடின் ஆவணம் இருந்தும் இல்லாததே.

பத்திரிகைக் காரியாலயங்களில் இவ்விரண்டையும் பிரித்தாளும் வழக்கம் பழையது. ஆசிரியபீடம் பிரதியில் இது தலைப்பு, இது உபதலைப்பு என்று குறிக்கும். எழுத்தின் அளவையும் பத்தியின் அகலத்தையும் பக்க வடிவமைப்பாளர் தீர்மானிப்பார். வலைப்பக்கத்திலும் எச்.ரி.எம்.எல். முதலாவது பணியைச் செய்கின்றது, சி.எஸ்.எஸ். எனும் பாணித்தாள் இரண்டாவதைச் செய்கின்றது. நோர்வேயைச் சேர்ந்த ஹோகோன் வியூம் லீ 1994 ஒக்டோபரில் முன்வைத்த இந்த யோசனை, 1996 டிசெம்பரில் வலைத் தரநிலையாகப் பரிந்துரைக்கப்பட்டது. அதன் பின்னரும் நெடுங்காலம் அட்டவணைகளை அடுக்கியும், பந்திக்குப் பந்தி நிறமும் அளவும் எழுதியுமே பக்கங்கள் ஆக்கப்பட்டன. நிறமொன்றை மாற்ற நூறு பக்கங்களைத் திருத்த வேண்டியிருந்தது. பாணித்தாள் தனியே இருப்பின் ஒரு வரியை மாற்றினால் போதும். அதே செய்தி படுவான்கரை விவசாயியின் கைத்தொலைபேசியிலும் கொழும்பு அலுவலகத்தின் அகன்ற திரையிலும் அதனதன் அளவுக்கேற்ப அமையும். பார்வையற்றோருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளும் தலைப்பு எது, பந்தி எது என இனங்கண்டுகொள்ளும்.

தமிழைப் பொறுத்தவரை பாணித்தாள் மட்டும் போதியதன்று. எழுத்தே எழுத்தாகச் சேமிக்கப்பட வேண்டும். அதற்கான ஒருங்குறியில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றது. விண்டோஸ் 2000 அதனைக் கணினிகளுக்குக் கொண்டுவந்தது. பாமினியில் உள்ள பழைய பிரதிகளை ஒருங்குறிக்கு மாற்றும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கோப்புகள் அழியுமுன் அவற்றை மாற்றுவதே அவசரப் பணி.

இதற்கிடையில் பழைய நோய் புதிய உருவில் வந்திருக்கின்றது. மரண அறிவித்தல், ஜனாஸா அறிவித்தல், பொது அறிவித்தல் யாவும் இன்று வண்ணப் படங்களாகவே முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் பரவுகின்றன. படத்தினுள் அகப்பட்ட பெயரைப் பத்து ஆண்டுகளின் பின் பேரப்பிள்ளை தேடினால் கிடைப்பது அரிது. படத்துக்குக் கீழே அதே வாசகத்தைத் தட்டச்சுச் செய்து இடுவதற்கு ஐந்து நிமிடங்கள்கூடச் செல்லாது.