வளவுக்கோர் அருநெல்லி

மேனாட்டுக் கதைகளிலும் வண்ணப் படங்களிலும் செரிப் பழத்தைக் கண்ட நம் மாணவர் பலர், "அம்மரத்தை நமது வளவில் நட்டால் வளராதா?" என வினவுவதுண்டு. விருப்பம் நன்றே, ஆயினும் அது கைகூடாது. புளிப்புச் செரி குளிர்நாட்டு மரம். ஏறக்குறைய 1,000 மணி நேரம் 7 பாகை செல்சியசுக்குக் கீழான குளிரில் உறங்கி எழுந்தாலன்றி அது செவ்வனே பூப்பதில்லை. யாழ்ப்பாணத்து மார்கழி இரவுகளிலோ வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவதே அரிது.

ஆனால் அச்செரியைப் போலவே சிறிதாய், கொத்துக்கொத்தாய், நாவூறச் செய்யும் புளிப்புடன் காய்க்கும் மரமொன்று நம்மிடமே உண்டு. அதுவே அருநெல்லி. அரைநெல்லி, அரிநெல்லி என்றும் இதனை வழங்குவர்.

பெயரும் இயல்பும்

ஔவையாருக்கு அதியமான் ஈந்தது இந்நெல்லியன்று, அது பெருநெல்லி. இரண்டும் ஒரே இனத்தைச் சேர்ந்தவையாயினும் குணத்தில் வேறானவை. பெருநெல்லியில் விற்றமின் சி மிக மிகுதி. அருநெல்லியிலோ அது சிறிதளவே. ஆதலால் ஒன்றின் மருத்துவப் புகழை மற்றதன்மேல் ஏற்றிக் கூறுதல் பொருந்தாது.

1753ஆம் ஆண்டில் தாவரங்களுக்குப் பெயர் வகுத்த லின்னேயசு என்னும் சுவீடன் நாட்டறிஞர், இதன் புளிப்பைக் கண்டோ என்னவோ, பிலிம்பி மரத்தின் இனத்திலேயே இதனைச் சேர்த்துவிட்டார். 1909ஆம் ஆண்டிலேயே இப்போதைய 'பில்லாந்தசு அசிடசு' என்னும் பெயர் இதற்கு அமைந்தது. முன்னது 'இலைப்பூ' என்றும் பின்னது 'புளிப்பு' என்றும் பொருள்படும். கப்பற்றலைவர் பிளை என்பார் 1793ஆம் ஆண்டில் திமோர்த் தீவிலிருந்து இதனை யமெய்க்காவுக்குக் கொண்டு சென்றார்.

மாணவர்கள் இம்மரத்தைச் சற்று உற்றுநோக்குதல் வேண்டும். கூட்டிலைபோல் தோன்றுவது உண்மையில் சிறு கிளையே. அதில் தனியிலைகள் இருபுறமும் அடுக்கப்பட்டுள்ளன. அச்சிறு கிளைகள் இலைகளைப் போலவே உதிர்ந்துவிடுகின்றன. இளஞ்சிவப்புப் பூக்கள், பலாவிற் போல, வெறுங்கிளையிலும் தண்டிலும் கொத்தாக அரும்புகின்றன. ஆண்பூவும் பெண்பூவும் ஒரு மரத்திலேயே உண்டாதலின், தனியொரு மரமே காய்த்தற்குப் போதும்.

நடுதலும் பேணுதலும்

நன்கு முற்றிய பழத்தின் கொட்டையைக் கழுவி உலர்த்தி விதைக்கலாம். பதிவைத்தும் கன்று பெறலாம். ஐப்பசி மழை தொடங்கும் காலமே நடுகைக்கு உகந்தது. 2 அடி நீள, அகல, ஆழமுள்ள குழி வெட்டி, மேல்மண்ணுடன் உக்கிய சாணமும் குழையும் கலந்து நிரப்புக. மாரியில் வெள்ளம் தேங்கும் வளவாயின் மண்ணை மேடாக்கி அதன்மேல் நடுதல் நன்று. கோடையில் அடிமரத்தைச் சுற்றிச் சருகு பரப்பினால் ஈரம் காக்கப்படும். குளிக்கும் நீர் வழிந்தோடும் கிணற்றடி வாய்க்காலருகே நட்டால் அந்நீரே பெரும்பாலும் போதுமானதாகும்.

சுண்ணம் மிகுந்த மண்ணில் இரும்புச் சத்து வேருக்கு எளிதிற் கிடையாது. அதனால் நரம்பு பச்சையாயிருக்க இளவிலை மஞ்சளாவதுண்டு. அதனைக் கண்டவுடன் பசளைப் பையைத் தேடி ஓடவேண்டா. உக்கிய எருவே தக்க பரிகாரம்.

இங்கே ஒன்றை வற்புறுத்திக் கூறல் வேண்டும். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மழைநீர் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புக்களூடே இறங்கித் தங்கும் நிலத்தடி நீரே நமக்கு உயிர். அளவுக்கு மிஞ்சி இடும் இரசாயனப் பசளையின் நைத்திரேற்று அந்நீருடன் கலந்து, நாம் அருந்தும் கிணற்றையே வந்தடைகிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. நம் கிணறுகள் பலவற்றில் அவ்வெல்லை கடந்திருத்தலை ஆய்வுகள் காட்டியுள்ளன. இதனாற் பெரிதும் துன்புறக்கூடியவர் கைக்குழந்தைகளே. மரத்துக்கு இடுவது குழந்தையின் பாலிற் கலக்கும் நீரைச் சேரும் என்பதை நினைவிற் கொள்க.

அடுக்களையில்

சிறுவர்க்கு உப்பும் மிளகாய்த்தூளும் போதும். இல்லத்தரசியர் காயைக் கழுவித் துடைத்து, உப்பிட்டுச் சில நாள் வெயிலில் ஊறவைத்து, மிளகாய்த்தூளும் வெந்தயப் பொடியும் நல்லெண்ணெயும் சேர்த்து ஊறுகாயாக்கலாம். சீனி மிகுதியாக இட்டு மெல்லிய நெருப்பில் நெடுநேரம் காய்ச்சினால், வெளிறிய மஞ்சட் காய் மாணிக்கச் சிவப்பாக மாறும் விந்தையைக் காணலாம். புளிப்பு உலோகத்தை அரிக்குமாதலால், அலுமினியப் பாத்திரம் தவிர்த்துப் பீங்கான் அல்லது கண்ணாடிச் சாடியிற் சேமித்தலே முறை. வேரும் வேர்ப்பட்டையும் நச்சுத்தன்மை வாய்ந்தவை. கைமருந்தென எண்ணி எவரும் அவற்றை உட்கொள்ளலாகாது.

மீண்டும் தளிர்க்கும் வளவுகள்

1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதிலிருந்தும் மக்கள் தம் மனைகளை விட்டு வெளியேறினர். நீருற்றுவாரின்றி வளவுகள் பற்றைக் காடாயின. 2009ஆம் ஆண்டின்பின் காணிகள் சிறிது சிறிதாக விடுவிக்கப்பட, மீண்டோர் பலர் எல்லை காட்ட ஒரு மரமும் எஞ்சாத நிலத்தையே கண்டனர். வீட்டைக் கல்லாற் கட்டிவிடலாம். நிழலையும் கனியையும் அவ்வாறு ஆக்க முடியாது.

விதையிட்ட மாவும் பலாவும் பயன்தரப் பல்லாண்டு செல்லும். அருநெல்லியோ நான்காம் ஆண்டளவிலேயே நன்கு காய்க்கும். இன்று பாலர் வகுப்பிற் சேரும் பிள்ளையின் கையால் ஒரு கன்று நடுவிப்பீராக. அப்பிள்ளை நான்காம் வகுப்பை முடிக்குமுன், தான் நட்ட மரத்தின் காயைத் தோழருடன் பகிர்ந்துண்ணும். இம்மண் தனக்கும் உரியதென்பதை அப்பிள்ளைக்கு உணர்த்த வேறு பாடம் வேண்டுமோ?